ஜலீசா ஆடலாமா, கூடாதா

நாலு மணிக்கு விசாரணை. மூன்றே காலுக்கே ரெனீட்டா டாலிவர் பள்ளி நிர்வாகக் கட்டடத்தின் எதிரே காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். என்ஜினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பின்சீட்டில் மகள் ஜலீசா. பதினேழு வயது, ஆறடி ஒரு அங்குலம்; முழங்கால் இரண்டும் முன்சீட்டின் முதுகில் முட்டிக்கொண்டிருந்தன. சர்ச்சுக்குப் போடுகிற நீல கவுனைப் போட்டு வந்திருந்தாள்.

"அம்மா, ஏசியைப் போடேன். அக்டோபர்னு இந்த டெக்சஸ் வெயிலுக்கு யாரும் சொல்லலை போல."

ரெனீட்டாவுக்கும் வேர்த்துத்தான் இருந்தது. ஆனால் வெயிலால் இல்லை. மடியில் கைப்பை, அதன் உள்ஜிப்பில் நான்காக மடித்த ஒரு காகிதம். பிப்ரவரியிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. அதை வெளியே எடுக்காமலே இந்தச் சாயங்காலம் கழிந்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து கர்த்தரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். ஒரு பள்ளிக்காகக் கூடைப்பந்து ஆடிய பிள்ளை இன்னொரு பள்ளிக்கு மாறினால் ஒரு வருஷம் ஆடக்கூடாது, பெஞ்சில்தான் உட்கார வேண்டும். குடும்பமே வீடு மாறியிருந்தால் அந்தத் தடை கிடையாது. தாயும் தகப்பனும் நிஜமாகவே பிரிந்து, பிள்ளை ஒருவரோடு போயிருந்தாலும் கிடையாது. இப்படி ஒரு சந்து இருந்தால் அதில் நுழைய ஆள் இல்லாமலா போகும்? நல்ல கோச் இருக்கிற ஊரில் ஒரு அபார்ட்மென்ட், அதற்குள் ஒரு சோபா, புருஷன் பெண்சாதிக்குள் காகிதத்தில் மட்டும் ஒரு பிரிவு. சீசன் முடிந்ததும் சோபா உட்பட எல்லாம் பழைய வீட்டுக்கே திரும்பிவிடும். மூன்று வருஷத்துக்கு முன் இப்படிப் 'பிரிந்த' ஒரு தம்பதி, மகன் கோப்பை வாங்கிய சந்தோஷத்தில் அரங்கின் நடுவிலேயே கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, பிரிந்துவிட்டோம் என்று யார் வந்து நின்றாலும் விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் அவர்களுடைய உதட்டைத்தான் பார்க்கிறார்கள்.

ரெனீட்டா செய்து வைத்திருந்தது இதற்கு நேர்மாறான காரியம். அவள் நிஜமாகவே புருஷனை விட்டு வந்தவள். அதை அவனிடம் சொல்ல வாய் வராமல், 'மகளின் பந்துக்காகப் பிரிந்த மாதிரி நடிக்கலாம்' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஊரெல்லாம் பிரிவைச் சொல்லிப் பந்துக்கு வழி பண்ணிக்கொள்ளும். இவள் பந்தைச் சொல்லிப் பிரிவுக்கு வழி பண்ணிக்கொண்டாள்.

புருஷன் ஓடெல் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவோ சுலபம். குடிக்க மாட்டான், கை ஓங்க மாட்டான், மின்கம்பத்தில் ஏறி வேலை செய்து சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பான். ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் எதைச் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான். கூரை ஒழுகுகிறதா? பார்த்துக்கலாம் ரெனி. அவளுடைய அம்மா பக்கவாதத்தில் விழுந்து பதினாலு மாசம் படுக்கையில் கிடந்தபோது, ராத்திரி ஒரு தடவையாவது நீ எழுந்து புரட்டிவிடு என்று கேட்டாள். பார்த்துக்கலாம் ரெனி. கிறிஸ்துமஸுக்கு மறுவாரம் அம்மா கண்ணை மூடியபோது அவன் மான் வேட்டைக் கூடாரத்தில் போனை அணைத்து வைத்திருந்தான். ரெனீட்டா அழவில்லை. பிப்ரவரியில் வக்கீலிடம் போய் விவாகரத்து மனுவை எழுதி வாங்கி வந்தாள். அந்த மனுவைத்தான் இத்தனை மாசமாகக் கைப்பையில் சுமந்துகொண்டு திரிகிறாள்.

ஜூனில் பயிற்சி முகாமில் வில்டன் பள்ளியின் கோச் மேபிரி, ஜலீசா பந்தோடு பாய்வதைப் பார்த்துவிட்டு ரெனீட்டாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் உங்ககிட்ட பேசக்கூடாது மேடம். வலை வீசினேன்னு என் தலையை எடுத்துடுவாங்க. பொதுவாச் சொல்றேன், எங்க ஊர்ல நல்ல அபார்ட்மென்ட் நிறைய காலியா இருக்கு."

ரொம்ப நாணயஸ்தர். பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பேசினார். ரெனீட்டாவுக்கு அன்றைக்குத் தூக்கமே இல்லை. மறுநாள் காலை ஓடெலிடம் இட்டுக்கட்டிச் சொன்னாள்: மகளுக்குக் கடைசி வருஷம், டிசம்பரில் இரண்டு கல்லூரிகளிலிருந்து பார்க்க வருகிறார்கள், நல்ல கோச்சிடம் ஆடினால் படிப்பு முழுக்க இலவசம், அதுவரை நாம் பிரிந்த மாதிரி இருப்போம். ஓடெல் துள்ளிக் குதித்தான். படிவத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டான். அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தாயும் மகளும் ஜூலையில் வில்டனுக்குக் குடிபோன பிறகு, பழைய ஊரான ஹாஸ்கெட்டின் பெட்ரோல் பங்கில் காபி குடித்துக்கொண்டே, "பிரிவாவது ஒண்ணாவது, சீசன் முடியற வரைக்கும்தான்" என்று கண்ணடித்துச் சொல்லியிருக்கிறான். அது ஜலீசாவின் பழைய கோச்சின் காதுக்குப் போயிற்று. பள்ளி மாற்றப் படிவத்தில் 'ஆட்டத்துக்காகப் பள்ளி மாறினாளா' என்ற கட்டத்தில் அவர் 'ஆம்' என்று குறி போட்டு அனுப்பிவிட்டார். அதனால்தான் இன்றைக்கு இந்த விசாரணை.

மூன்றரைக்கு ஓடெலின் சிவப்பு டிரக் வந்து நின்றது. கோட்டும் டையுமாக இறங்கியவனைப் பார்க்க ரெனீட்டாவுக்குக் கல்யாணத்தன்று பார்த்தது போலவே இருந்தது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"தாளைக் கொண்டுவந்தியா?"

"மனப்பாடமே பண்ணிட்டேன்." அவன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்தான். என்னென்ன கேட்பார்கள், என்னென்ன சொல்ல வேண்டும் என்று ரெனீட்டா எழுதிக் கொடுத்திருந்த தாள். "கேளு, கேளு."

"எப்பலேர்ந்து தனித்தனியா இருக்கீங்க?"

"ஜூலை ஆறாம் தேதிலேர்ந்து சார்."

"சீசன் முடிஞ்சதும் சேர்ந்துடுவீங்களா?"

ஓடெல் வாயைத் திறந்தான். மூடினான். பின் சிரித்துவிட்டான். "அதை மட்டும் எப்படிடி முகத்தை வச்சிக்கிட்டுச் சொல்றது? உள்ளுக்குள்ளேர்ந்து சிரிப்பு வருது."

"இல்லைன்னு ஒரு வார்த்தை, ஓடெல். ஒரே ஒரு வார்த்தை."

"சரி சரி, அங்க போய்ப் பார்த்துக்கலாம்."

ஜலீசா காரிலிருந்து ஒவ்வொரு காலாக வெளியே எடுத்தாள். "அப்பா, தயவுசெஞ்சு. நீ பொய் சொன்னா உன் காது சிவக்கும். தொப்பியாவது போட்டுக்கோ."

"அடிப் போடி, நெட்டைக்கொக்கே. உன் அப்பன் சினிமாவுக்குப் போக வேண்டியவன்."

நிஜத்தைப் பொய் என்று நம்பிக்கொண்டு சொல்லப்போகிற ஒரு மனுஷன். அதையும் உருப்படியாகச் சொல்லத் தெரியாதவன். மகளின் படிப்பு அவன் நாக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே நீள மேஜை. வட்டாரத்தில் எட்டு ஊர்ப் பள்ளிகள். ஒவ்வொன்றின் தலைமை அதிகாரியும் குழுவில் ஒருவர். ஹாஸ்கெட்டுக்கும் வில்டனுக்கும் இந்த வழக்கில் ஓட்டு இல்லை. மீதி ஆறு பேர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த ஆறு பேரின் பள்ளிகளும் இந்தப் பருவத்தில் வில்டனோடு மோதப் போகிறவை. ஜலீசா பெஞ்சில் உட்கார்ந்தால் ஆறு ஊருக்கும் லாபம். நியாயம் வழங்க இவர்களைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று யாரும் கேட்பதில்லை, எப்போதும் இப்படித்தான். ஓட்டு சமமாக விழுந்தால் பிள்ளைக்கு எதிராகத்தான் கணக்கு. ஆக, நாலு கை உயர வேண்டும்.

தலைவர் டாக்டர் ஸ்டோவால் என்ற வெள்ளை முடி அம்மாள். கோச் மேபிரியை முதலில் கேட்டார். தான் அந்தக் குடும்பத்திடம் பேசியதே இல்லை என்று கோச் சத்தியம் செய்தார். பிறகு டன்லாக் பள்ளியின் கிரிம்ஸ் ஒரு கவரைத் திறந்து படங்களை மேஜையில் பரப்பினார். பொறுமையான மனுஷர். பொறுமையானவர்களைக் கண்டால்தான் ரெனீட்டாவுக்குப் பயம்.

"மேடம், இது உங்க அபார்ட்மென்ட் வாசல். இது உங்க வீட்டுக்காரர் டிரக். அஞ்சு ஞாயித்துக்கிழமை, அஞ்சு படம்."

"மகளைப் பார்க்க வர்றார் சார். குழாய், ஸ்விட்ச்சுன்னு ரிப்பேர் வேலையும் பார்த்துக் கொடுக்கறார்."

"நல்லது. இந்த ஆறாவது படத்தைப் பாருங்க. திங்கக்கிழமை காலைல ஆறு பத்து." கிரிம்ஸ் விரலை வைத்துக் காட்டினார். "டிரக் கண்ணாடி முழுக்கப் பனி படிஞ்சிருக்கு. ராத்திரி முழுக்க அங்கேயே நின்ன வண்டிக்குத்தான் இப்படிப் படியும்."

ரெனீட்டா படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். அதற்கு முந்தின ராத்திரி ஓடெல் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனான். எழுப்ப மனசு வரவில்லை, போர்வையைப் போர்த்திவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது.

ஜலீசா கையைத் தூக்கினாள். "நான் சொல்லலாமா மேடம்? அப்பா சோபாவுலதான் தூங்கினார். என் ரூம் வரைக்கும் குறட்டை. காதுல பஞ்சு வச்சிக்கிட்டுப் படுத்தேன்."

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. டாக்டர் ஸ்டோவால்கூடச் சிரித்தார். ரெனீட்டா மூச்சு விட்டாள். கிரிம்ஸ் மட்டும் சிரிக்காமல் ஓடெல் பக்கம் திரும்பினார்.

"சோபாவுல ஏன் சார் படுத்தீங்க?"

"நாங்க பிரிஞ்சிருக்கோம் சார்," என்றான் ஓடெல், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில். காது சிவக்கத் தொடங்கியது.

"எப்பலேர்ந்து?"

"ஜூலை ஆறாம் தேதிலேர்ந்து சார்."

"பெட்ரோல் பங்குல நீங்க சொன்னது வேற மாதிரி கேள்விப்பட்டேனே. போகட்டும். சீசன் முடிஞ்சதும் ஒண்ணா சேர்ந்துடுவீங்களா?"

ஓடெல் ரெனீட்டாவைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். நெற்றியைத் துடைத்தான். "அது வந்து... இல்ல... அதாவது சார்... பார்த்துக்கலாம்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு பேர் பேனாவை மூடிவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் ஸ்டோவால் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தது என்று ரெனீட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஜலீசா நாற்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தாள். ஒரு கையாலேயே பந்தைத் தூக்குகிற பெரிய விரல்கள் அவை. அதைப் பார்த்த பிறகு ரெனீட்டாவால் சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும் மேடம். இவரைக் கேட்டா தெரியாது, என்னைக் கேளுங்க. நான் வீட்டை விட்டு வந்தது பந்துக்காக இல்ல. பந்து இல்லைன்னாலும் வந்திருப்பேன்."

ஓடெல் மேஜைக்கு அடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பிரமாதம், அப்படியே போ என்று அர்த்தம்.

"எங்க அம்மா பதினாலு மாசம் படுக்கையில கிடந்தாங்க. ஒரு ராத்திரிகூட இவர் எழுந்திருக்கலை. அம்மா போன அன்னிக்கு இவருக்குப் பதினேழு தடவை போன் பண்ணேன். அன்னிக்கே என் மனசு விட்டுப்போச்சு. இவர் மேல கோபம்கூட இல்ல. இனிமே இவரோட வாழ முடியாது, அவ்வளவுதான். சீசன் முடிஞ்சாலும் போக மாட்டேன். எப்பவும் போக மாட்டேன்."

அவள் மேஜையைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனாலும் கட்டைவிரல் மெதுவாக இறங்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"இது வக்கீல் எழுதிக் கொடுத்த மனு. தேதியைப் பாருங்க. பிப்ரவரி ஒன்பது. கோச் மேபிரியை நாங்க பார்த்ததே ஜூன்லதான்."

காகிதம் டாக்டர் ஸ்டோவாலிடம் போயிற்று, அங்கிருந்து ஒவ்வொரு கையாகக் கிரிம்ஸிடம் வந்தது. அவர் புரட்டிப் பார்த்தார். "கோர்ட்டுல தாக்கல் பண்ணின முத்திரை இல்லையே மேடம். தேதியை யார் வேணும்னாலும் அடிச்சுக்கலாம். போன வாரம்கூட அடிச்சிருக்கலாம்." பின் அதை ஓடெலிடம் நீட்டினார். "இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

ஓடெல் எதையும் முழுசாகப் படிப்பவன் இல்லை. மருந்து சீட்டைக்கூட அவள்தான் படித்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு முழுசாகப் படித்தான். இரண்டு பக்கத்தையும் படித்தான். அவனுடைய பெயர் வரும் இடங்களில் கண் நின்று நின்று போயிற்று. தெரியாது என்று அவன் சொன்னால் எல்லாம் போய்விடும். போன வாரம் அடித்த காகிதம் என்றே முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிச் சொல்ல அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது. நிஜமும் அதுதான். அவனுக்குப் பொய்தான் வராதே.

"தெரியும் சார்," என்றான் ஓடெல்.

"எப்பலேர்ந்து?"

"பிப்ரவரிலேர்ந்து. சமையலறையில வச்சுக் காட்டினா. வெளியில மழை. நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கிட்டிருந்தேன். படிச்சுட்டு, பார்த்துக்கலாம் ரெனின்னு சொன்னேன்."

"அப்போ பெட்ரோல் பங்குல சொன்னது?"

"பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டான்னு காபியைக் குடிச்சிக்கிட்டு எவன் சார் சொல்லுவான்? வெட்கமா இருந்துச்சு. அதான் பந்துக்காகன்னு சொல்லிக்கிட்டேன்."

கிரிம்ஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெனீட்டாவும் பார்த்தாள். காது சிவக்கவில்லை.

"கடைசியா ஒண்ணு, சார். மறுபடியும் சேர்ந்து வாழ்வீங்களா?"

"இல்ல சார்."

டாக்டர் ஸ்டோவால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓட்டெடுப்பு என்றார். அனுமதிப்பவர்கள் கை தூக்கலாம். அவருடைய கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு ஜன்னலோரம் இருந்த குண்டு மனுஷரின் கை. பிறகு ஒன்று. ரெனீட்டா எண்ணிக்கொண்டே இருந்தாள், மூன்று, மூன்று, இன்னும் மூன்றுதான். கிரிம்ஸ் படங்களைக் கவருக்குள் போட்டு, கவரைத் தட்டிச் சமப்படுத்தினார். பிறகு யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கினார்.

கோச் மேபிரி நடைபாதையிலேயே ஜலீசாவைக் கட்டிக்கொண்டார். "நாளைக்கு ஆறு மணிக்கு பயிற்சி! இன்னும் மூணு வாரத்துல முதல் ஆட்டம், நம்ம ஊர்லயே, ஹாஸ்கெட்டோடதான்!" ஜலீசா தலையை ஆட்டினாள். சிரிக்கவில்லை.

கார் வரைக்கும் மூன்று பேரும் நடந்தார்கள். ஜலீசாதான் முதலில் நின்றாள்.

"எனக்காகன்னு சொன்னியே அம்மா. நாலு மாசமா, என்னாலதான் அப்பா தனியாச் சாப்பிடறார்னு நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன், தெரியுமா உனக்கு?"

"தப்புதான்டி செல்லம். எனக்குத் தைரியம் இல்ல. உன் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டேன்." ரெனீட்டாவுக்கு வெட்கமாக இருந்தது, மகளிடம் பட்ட வெட்கம் புருஷனிடம் பட்டதைவிடப் பெரிதாக இருந்தது.

"விடும்மா," என்றான் ஓடெல் மகளிடம். "ஆடப் போறே இல்ல? அதைப் பாரு."

அவன் டிரக்கின் கதவைத் திறந்தான். ஏறாமல் நின்றான். சட்டைப்பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து, மடிப்பை நீவி, ரெனீட்டாவிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள்.

"குளியலறைக் குழாய்க்கு வாஷர் வாங்கி வச்சிருக்கேன். ஜலீசாகிட்ட கொடுத்து அனுப்பறேன். அவளுக்கே மாட்டத் தெரியும்."

"ஓடெல்..."

"இல்ல ரெனி, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அன்னிக்கு மேட்ச்ல ஹாஸ்கெட்காரங்க ஒரு பக்கம் உட்காருவாங்க. நீ வில்டன்காரங்களோட இந்தப் பக்கம் உட்காருவே. நான் எந்தப் பக்கம் உட்காரட்டும்?"

ரெனீட்டா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கேள்விகளும் பதில்களும் அவள் கையெழுத்தில் வரிசையாக இருந்தன. இந்தக் கேள்வி அதில் இல்லை.